ரப்பர் படகுக்கு மின்மோட்டார்: திரும்பி வரும் வழியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் காற்றடைத்த சிறு படகு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதல் சில வாரம் துடுப்பு. தோள் வலிக்க ஆரம்பித்ததும் மோட்டார் பற்றிய யோசனை. தேடிப் பார்த்தால் 30, 40, 55 என்று, மோட்டாரின் தள்ளுவிசையைச் சொல்லும் எண்கள் பவுண்டுக் கணக்கில் வரும். பெரிய எண்தான் நல்லது என்று 55-ஐ வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் கைக்குக் கிடைத்த பேட்டரியை எடுத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

ஒரு சித்திரை மாதக் காலையில் கெடிலம் ஆற்றில், பழைய செயின்ட் டேவிட் கோட்டைப் பக்கம் தம்பியும் நானும் படகை இறக்கினோம். மேற்கே போகும்போது ஆற்றில் அலையே இல்லை. மோட்டாரை முழு வேகத்தில் வைத்து ஜோராகப் போனோம். பகல் 12 மணிக்குத் திரும்பினால் கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்துவிட்டது, ஏற்றநீரும் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பழைய கார் பேட்டரி ஓய்ந்துபோனது. துடுப்பை நிறுத்தும்போதெல்லாம் படகு வந்த வழியே பின்னால் போனது. பைபர் படகில் வந்த தேவனாம்பட்டினத்து அண்ணன் ஒருவர் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தார். "போறதுக்கு எது வேணா போதும் தம்பி. எதிர்க்காத்துல திரும்பி வரத்தான் இன்ஜினு" என்றார். மோட்டார் வாங்க யோசனை கேட்பவர்களிடம் அதனால்தான் நான் முதலில் இதைக் கேட்கிறேன்: எங்கே போகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?

முதலில் தண்ணீரும் காற்றும்

ஏரியும் கழிமுகமும் வேறு வேறு. ஏரியில் காற்று மட்டும்தான் எதிரி. கெடிலம், உப்பனாறு, சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு ஆகியவற்றின் கடலோரப் பகுதியில் காற்றோடு நீரோட்டமும் சேர்ந்துகொள்ளும். நம் கரையில் ஏற்றவற்றம் பெரிதில்லை, ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் அந்த நீர் முழுவதும் குறுகலான முகத்துவாரம் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். அதனால் அங்கே இழுப்பு அதிகம். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த நேரத்தை இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நம்பக் கூடாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் ரப்பர் படகு மின்மோட்டாரில் மணிக்கு 5 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோமீட்டர் திரும்பி வர 36 நிமிடம். எதிரே மணிக்கு 2 கிலோமீட்டர் நீரோட்டம் இருந்தால் அதே தூரத்துக்கு ஒரு மணி நேரம். இது காற்றைச் சேர்க்காமல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகை அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ரப்பர் படகு தண்ணீருக்குள் ஆழமாக அமிழாமல் மேலே மிதப்பது, அதனால் காற்றுக்கு அது ஒரு பலூன் மாதிரி.

கோடையில் இந்தக் கரையில் காலையில் காற்று அடங்கி இருக்கும். உச்சிக்கு நெருங்கும்போது கடற்காற்று எழும். அதனால் முடிந்தால் மேற்கே, ஆற்றின் மேல்பக்கம் படகை இறக்குங்கள். காலையில் கிழக்கு நோக்கிப் போய், முகத்துவாரத்துக்கு வெகு முன்பே திரும்பிவிடுங்கள். வீட்டுக்கு வரும்போது கடற்காற்று முதுகில் இருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது இது தலைகீழ். அப்போது காலையிலேயே மேற்கிலிருந்து காற்று வரும், கடற்காற்று தாமதமாகும், சில நாள் எழாமலே போகும்.

ஐப்பசியும் கார்த்திகையும் படகைச் சுருட்டி வைக்க வேண்டிய மாதங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணை நீர் வந்து தென்பெண்ணை கரைபுரண்டதும் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். மேலே எங்கோ பெய்த மழை இங்கே வந்து சேரும்போது வானம் தெளிந்திருக்கலாம். எந்த மின்மோட்டாரும் அந்த வெள்ளத்துக்கு ஈடு கொடுக்காது.

இடம் பற்றி இன்னொன்று. ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், பிச்சாவரம் சதுப்புக்காடு வனத்துறையின் கையில் இருப்பது. இரண்டிலும் சொந்தப் படகை இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். சுண்ணாம்பாற்றில் நோணாங்குப்பம் படகுத்துறைப் பக்கம் சுற்றுலாப் படகுகள் ஓடிக்கொண்டே இருக்கும், அங்கேயும் கேட்காமல் நுழைய வேண்டாம். மோட்டார் மாட்டிய நிமிடத்தில் உங்கள் படகு சட்டத்தின் கண்ணில் துடுப்புப் படகு இல்லை. 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திர விசையில் ஓடும் கலங்களுக்குப் பதிவு கேட்கிறது. மோட்டார் வாங்குவதற்கு முன்பே துறைமுக அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுங்கள். கடலுக்குள் போகும் எண்ணம் இருந்தால், இந்த மோட்டார்கள் அதற்கானவை இல்லை.

எடையைக் கூட்டுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள். பெரியவர் இருவர் 140 கிலோ, ஒரு பிள்ளை 30, படகு 25, மோட்டார் 9, லித்தியம் பேட்டரி 13, தண்ணீர், சாப்பாடு, நங்கூரம் எல்லாம் 10. மொத்தம் 227 கிலோ. படகின் மேல் அச்சிட்டிருக்கும் சுமை அளவோடு ஒப்பிடும்போது படகின் சொந்த எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட அளவில் முக்கால் பங்கைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. முழுச் சுமையில் ரப்பர் படகு நெளியும். நெளிகிற படகைத் தள்ள மோட்டார் கூடுதலாக உழைக்க வேண்டும்.

படகின் பின்புறத்தைப் பாருங்கள்

ரப்பர் படகில் இரண்டு வகை. பின்பக்கம் கெட்டியான பலகை ஒட்டி வருவது ஒன்று. குழாய்ச் சட்டம் ஒன்றைத் தனியாக வாங்கி, படகின் பின்னால் இருக்கும் கொக்கிகளில் மாட்டுவது இன்னொன்று. இன்டெக்ஸ் மாதிரியான விலை குறைந்த படகுகள் இரண்டாவது வகை. சட்டம் மாட்டும் படகுக்கு 30 முதல் 45 பவுண்டு மோட்டார் போதும். பெரிய மோட்டாரை முழு வேகத்தில் திடீரென்று போட்டால் சட்டம் முறுக்கிக்கொண்டு, கொக்கி ஒட்டியிருக்கும் இடத்தில் ரப்பர் பிரிய ஆரம்பிக்கும்.

மோட்டாரை மாட்டும் இரண்டு திருகுகளும் ஓட்டத்தில் தளரும். அதனால் மோட்டாரின் கழுத்தில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் படகோடு கட்டிவிடுங்கள். ஆற்றுச் சேற்றில் விழுந்த மோட்டாரைத் தேடுவது பெரும்பாடு.

அடுத்து, மேலே கைப்பிடியையும் கீழே விசிறியையும் இணைக்கும் தண்டின் நீளம். விசிறி தண்ணீருக்குள் நன்றாக மூழ்க வேண்டும். தண்ணீர் மட்டத்திலிருந்து விசிறியின் மேல்முனை வரை ஒரு சாண் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் காற்றை உறிஞ்சிச் சலசலக்கும், தள்ளாது. சிறு ரப்பர் படகுக்கு 30 அங்குலத் தண்டு சரியாக இருக்கும். 36 அங்குலம் வாங்கினால் மேலே ஏற்றி மாட்டிக்கொள்ளலாம், ஆனால் கைப்பிடி உயரத்தில் நிற்கும். நம் ஆறுகளில் மணல்திட்டு எங்கே என்று மழைக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. எனவே தரை தட்டினால் மடங்கி மேலே எழும் வகையா என்று பாருங்கள்.

இப்போது பவுண்டு

இந்தப் பவுண்டு குதிரைத்திறன் இல்லை. நம் மீனவர்கள் பைபர் படகில் மாட்டும் இன்ஜினை 8, 10 குதிரை என்று பேசிப் பழகியவர்கள், "55-ன்னா எத்தனை குதிரை?" என்று கேட்பார்கள். தள்ளுவிசைக்கும் குதிரைத்திறனுக்கும் நேர் மாற்றுக் கணக்கு கிடையாது. ஒரு 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும், அதாவது 600 வாட். ஒரு குதிரைத்திறனே 746 வாட். 55 பவுண்டு என்பது அது தண்ணீரைத் தள்ளும் விசை, நம் கணக்கில் 25 கிலோ.

எடைக்கு ஏற்ற தள்ளுவிசைக்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: 45 கிலோவுக்கு 2 பவுண்டு. நம் 227 கிலோவுக்கு 10 பவுண்டுதான் வருகிறது. அமைதியான ஏரிக்கு இது போதும். கழிமுகத்துக்கு நான் இதை மூன்று, நான்கு மடங்காக்குவேன். 30-லிருந்து 40 வரும். எனவே குடும்பத்தோடு போகும் 3 மீட்டர் படகுக்கு 40 அல்லது 45 பவுண்டு சரியான இடம். ஒருவர் மட்டும் தூண்டில் போடப் போகிறார் என்றால் 30 போதும். 3.5 மீட்டருக்கு மேல், கெட்டிப் பலகை வைத்த படகு, நாலு பேர் என்றால் 55. 24 வோல்ட் மோட்டார்களுக்கு இரண்டு பேட்டரி கோர்க்க வேண்டும், அந்த எடையை இந்த அளவு படகில் ஏற்றுவது வீண்.

பெரிய மோட்டாரால் வேகம் கூடிவிடும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். 3 மீட்டர் படகு தண்ணீரைக் கிழித்துப் போகிற வரைக்கும் அதன் நீளமே வேகத்துக்கு எல்லை போடும், மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் அது ஏறாது. மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் இருந்தால் அதையும் தொடாது. கூடுதல் பவுண்டு எதிர்க்காற்றில் நிற்காமல் முன்னேறத்தான் பயன்படும்.

வேகக் கட்டுப்பாட்டிலும் இரண்டு வகை உண்டு. முன்னே 5, பின்னே 3 என்று படிப்படியாக வைப்பது விலை குறைவு, ஆனால் குறைந்த வேகத்தில் மின்சாரத்தின் ஒரு பகுதியைச் சூடாக வீணாக்கும். ரெகுலேட்டர் மாதிரித் திருகிக் கூட்டிக் குறைக்கும் வகை அப்படி வீணாக்காது. அதே பேட்டரியில் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடுதல் தூரம் போகலாம். கையில் கொஞ்சம் பணம் மிச்சமிருந்தால் 45-லிருந்து 55-க்குப் போவதைவிட இந்த வகைக்குப் போங்கள்.

பேட்டரிதான் உங்கள் டேங்க்

தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று யாருக்கும் தோன்றும். 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல், உள்ளே திரவ அமிலம். படகு ஆடினால் அமிலம் சிந்தும், ரப்பர் படகில் அது மனிதத் தோலுக்கும் படகின் தோலுக்கும் ஆபத்து. கார் பேட்டரி வேறு காரணத்தால் ஆகாது. வண்டியைக் கிளப்ப ஓரிரு நொடி பெரிய மின்னோட்டம் கொடுக்கத்தான் அது செய்யப்பட்டது. மணிக்கணக்கில் வடித்தால் அதன் மெல்லிய தகடுகள் சில மாதத்தில் சாகும். என் பேட்டரி கெடிலத்தில் ஓய்ந்ததும் இப்படித்தான்.

மூடிய வகை ஈய பேட்டரியில், ஆழமாக வடிக்கத் தாங்கும் டீப் சைக்கிள் என்று எழுதியதை வாங்கலாம். 100 ஏ.எச். சுமார் 30 கிலோ. ஆனால் இரண்டு விஷயம். பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் சட்டென்று குறையும். 100 ஏ.எச். என்பதும் பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக, 5 ஆம்பியராக எடுத்தால் கிடைக்கும் அளவு. 40 ஆம்பியராக இழுத்தால் அவ்வளவு தராது. முழு வேகத்தில் ஒரு மணி நேரம்தான் நம்பிக்கையாகச் சொல்லலாம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 100 ஏ.எச். 13 கிலோவுக்குள் வந்துவிடும். அதில் 80, 90 சதவீதம் எடுக்கலாம். 45 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 42 ஆம்பியர் இழுத்தால் 2 மணி நேரம். விலை கூடுதல்தான். ஆனால் படகில் 17 கிலோ குறைவதும், இரண்டு மடங்கு நேரம் ஓடுவதும், நான்கைந்து வருடக் கணக்கில் பார்த்தால் லாபம். நான் யாருக்கும் இதையே சொல்வேன்: மோட்டாரில் ஒரு படி இறங்கி பேட்டரியில் ஒரு படி ஏறுங்கள்.

லித்தியம் வாங்கும்போது உள்ளே இருந்து பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். பலகை தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 50 ஆம்பியர் பி.எம்.எஸ். மாட்டினால் எதிர்க்காற்றில் முழு வேகம் போடும்போது அது துண்டித்துவிடும். 100 ஆம்பியர் நல்லது. அப்புறம், ஈய பேட்டரி தளர்ந்து தளர்ந்து ஓயும், எச்சரிக்கை கிடைக்கும். லித்தியம் கடைசி வரை ஒரே வேகத்தில் ஓடி, பட்டென்று நிற்கும். வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்கவும் முடியாது. எத்தனை ஏ.எச். போனது என்று எண்ணிக் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றைக் கட்டாயம் இணையுங்கள். சார்ஜரும் லித்தியத்துக்கு உரியதாக, 14.4 முதல் 14.6 வோல்ட் வரை போவதாக இருக்க வேண்டும்.

பேட்டரியை நீட்டிக்க ஒரே நல்ல வழி மெதுவாகப் போவது. வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் திறன் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆற்றைப் பார்க்கத்தானே போகிறோம், நிதானமாகப் போங்கள். என் கணக்கு மூன்று பங்கு: ஒரு பங்கில் போக வேண்டும், ஒரு பங்கில் வர வேண்டும், மூன்றாவது பங்கு காற்றுக்கு. மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு போனதும், எங்கே இருந்தாலும் படகைத் திருப்பிவிடுவேன்.

வயரும் ஃபியூசும்

மோட்டாரும் ஓட்டுபவரும் பின்னால் இருப்பதால் பேட்டரியை அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, அருகே வைக்க வேண்டும். இல்லையென்றால் படகு பின்னால் அமிழ்ந்து மூக்கைத் தூக்கும், காற்று அடியில் புகும். அப்போது வயரை நீட்ட வேண்டி வரும். வீட்டு வேலையில் மிஞ்சிய 4 சதுர மில்லிமீட்டர் வயரை மாட்டாதீர்கள். 3 மீட்டர் தூரத்துக்குப் போக வர, 40 ஆம்பியரில், ஒரு வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும், வயரும் சுடும். சுட்ட வயர் ரப்பரைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள். வெல்டிங் கடைகளில் கிடைக்கும் செம்பு கேபிள் நன்றாக வளையும், இதற்குப் பொருத்தம். அலுமினியக் கேபிளும் அதே மாதிரித் தெரியும், வெட்டிய முனையைப் பார்த்து வாங்குங்கள். முனைகளில் லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து அழுத்தித் தர எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் அல்லது டி.சி. (பேட்டரி தரும் நேர்மின்சாரம்) பிரேக்கர், 45 பவுண்டுக்கு 50, 55-க்கு 60 ஆம்பியர். வீட்டு எம்.சி.பி. டி.சி.க்கு ஆகாது. பேட்டரி மூடியுள்ள பெட்டியில், பட்டை போட்டு அசையாமல் இருக்கட்டும். சிவப்பும் கறுப்பும் மாறினால் வேக ரெகுலேட்டர் உள்ள மோட்டார் அந்த நொடியே போய்விடும்.

உப்பும் வலையும்

ஏரிக்கென்று செய்த மோட்டாரைக் கழிமுகத்தில் ஓட்டினால் ஒரு பருவத்திலேயே தண்டும் திருகும் அரித்துப்போகும். உப்புநீருக்கு என்று எழுதியிருக்கிறதா, தனக்குப் பதில் அரித்துப்போகும் துத்தநாகத் துண்டு விசிறிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அது பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்ச வேண்டாம், ஊற்றிக் கழுவினால் போதும். ஓடாத நேரத்தில் மோட்டாரைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கி வையுங்கள்.

இந்த ஆறுகளில் நண்டு வலையும் கட்டு வலையும் நிறைய. மிதவை, கழி, பாட்டில் எதைக் கண்டாலும் மோட்டாரை நிறுத்தித் தூக்கிவிட்டுத் துடுப்பால் சுற்றிப் போங்கள். அது ஒருவரின் பிழைப்பு. மாதம் ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டிருந்தால் அது தண்ணீரைத் தடுக்கும் 'சீல்' வளையத்தை அறுத்து, மோட்டாருக்குள் தண்ணீரை விடும். கழற்றத் தேவையான ஸ்பேனர், உதிரிப் பின், நட்டு படகில் எப்போதும் இருக்கட்டும். ஏரியில் ஆகாயத்தாமரையும் பாசியும் இருந்தால் இரண்டு இலை விசிறி குறைவாகச் சிக்கும்.

முதல் நாள்

வாங்கி வந்ததும் வீட்டில் பெரிய ட்ரம்மில் தண்ணீர் நிரப்பி, விசிறி மூழ்க வைத்து ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டாதீர்கள். முதல் பயணம் கரையைவிட்டு 200 மீட்டருக்குள் இருக்கட்டும். காலை 6 மணிக்கு, லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும், துடுப்பு இரண்டு, நங்கூரம், காற்றடிக்கும் பம்ப், நீர் புகாத உறையில் போன். கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டும் போனில் பதிவாகியிருக்கட்டும். வெயில் ஏற ஏறப் படகின் காற்று விரியும், வால்வைத் தொட்டு கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

அந்த முதல் நாளில் ஒவ்வொரு வேகத்திலும் 5 நிமிடம் ஓட்டி, மீட்டரில் எத்தனை ஆம்பியர் காட்டுகிறது, போன் ஜி.பி.எஸ்.-இல் எத்தனை வேகம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். காற்றோடு ஒருமுறை, காற்றுக்கு எதிராக ஒருமுறை. எதிர்க்காற்றில் எழுதிய எண்ணைப் பெரிதாக ஒரு அட்டையில் எழுதிப் பேட்டரிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை எவ்வளவு தூரம் போகலாம் என்று அந்த அட்டையைப் பார்த்து முடிவு செய்யலாம்.